வெளித்தண்ணி

கல்லாங்காட்டுவலசு,
21.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நித்யஸ்ரீ எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் பனிக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. நீயும் கௌதமன் மாமாவும் சுகம்தானே?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. நீ மாமாவைக் கட்டிக்கொண்டு போன மறுநாளே அம்மாவின் போனில் உன் நம்பரை அப்பா அழித்துவிட்டார். அவருடைய போனில் கை வைத்தாலே ஆயிரம் கேள்வி. "பெரியவளுக்குப் போன் வாங்கிக் குடுத்ததே போதும்" என்று எனக்கு வாங்கித் தரவுமில்லை. நூலகத்துப் பொன்னாத்தாள் அக்காவிடம் கேட்டேன். "இங்க வர்ற தபாலை ஆரு கண்ணு பாக்கறாங்க, நூலக விலாசத்துக்கே எழுதச் சொல்லு" என்றார். ஆகவே இனிமேல் தபால்தான்.

மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அதற்குப் பிறகு நான் மண்ணையும் கல்லையும் தண்ணீரையும் படிக்க வேண்டும். புவி அறிவியல், சுற்றுச்சூழல் அறிவியல் என்று என்னென்னவோ பெயரில் இருக்கிறதாம். நீ காந்திபுரம் ஆன்லைன் சென்டரில் நாளெல்லாம் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாய். எங்கே இருக்கிறது, எதை எடுப்பது, எப்போது போடுவது, எல்லாம் விவரமாக எழுது.

என்ன தடை என்று உனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ போன எட்டாம் நாள் அப்பா என் கையில் தேங்காயை வைத்தார். நீ பத்து வயதிலிருந்து செய்த வேலைதான். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடக்கிறேன். தண்ணீர் இருக்கிற இடத்தில் அது எழுந்து நிற்கிறது, அப்பா அங்கே சுண்ணாம்பில் வட்டம் போடுகிறார், மறுநாள் போர் வண்டி வந்து ஓட்டுகிறது. "தனபாலு புள்ளைக கை ரெண்டும் ராசியான கைங்க" என்று தாராபுரம் ரோடு வரைக்கும் பெயர்.

இன்றைக்கும் காலையில் அப்பாதான் நம் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொடுக்கிறார். பள்ளிக்கூடத்துக் குழாயில் ஒரு வாய் குடிக்கக் கூடாது, கல்யாண வீட்டில்கூடக் குடிக்கக் கூடாது. வெளித்தண்ணி குடித்தால் கை போய்விடுமாம். இப்படி இருக்கிறவர் என்னை விடுதியில் விடுவாரா? தபாலில் பி.காம். படி, சனி ஞாயிறு தோட்டம் பார், அது போதும் என்கிறார்.

எனக்குப் போதாது அக்கா. சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை,
நித்யஸ்ரீ


கோயமுத்தூர்,
2.2.2024

என் நித்திக் கண்ணுவுக்கு,

அக்காவும் மாமாவும் நலம். உன் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்னால் மேலே உன் கையெழுத்தைப் பார்த்தே அழுதுபோட்டேன். கடைக்கு வந்த பையன் பயந்துபோய், "அக்கா, எனக்கு சீட் கிடைக்காதுங்களா?" என்று கேட்டான்.

சரி, படிப்புக்கு வருவோம். உனக்கு மூன்று வழி இருக்கிறது. கல்லும் கனிமமும் மட்டும் படிக்கிற புவியமைப்பியல் ஒன்று. காற்று, குப்பை, சாயக்கழிவு என்று போகிற சுற்றுச்சூழல் அறிவியல் ஒன்று. இரண்டும் கலந்த மூன்று வருடப் படிப்பு ஓர் அரசுக் கல்லூரியில் இருக்கிறது. மூன்றாம் வருடம் நிலத்தடி நீருக்கென்றே ஒரு பாடம். நீ கேட்பது அதுதான் என்று நினைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை மலை மலையாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சுத்தியலால் பாறை உடைக்க வைப்பார்களாம். வீட்டில் ஒரு பாத்திரம் கழுவச் சொன்னாலே முகம் சுளிக்கிறவள் நீ, யோசித்துக்கொள்!

நாற்பது பேரைத்தான் எடுப்பார்கள். வேதியியலிலும் இயற்பியலிலும் மதிப்பெண் வேண்டும். விண்ணப்பம் மே மாதம். அதை நான் போட்டுவிடுகிறேன், என் நம்பரையே கொடுத்துவிடலாம். ஆனால் சேருகிற அன்றைக்கு மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் அசல் வேண்டும். அதெல்லாம் அப்பாவின் பீரோவில்தானே போய் உட்காரும்? அதை இப்போதே யோசித்து வை. ஆழம் தெரியாமல் காலை விடாதே.

கை எப்படி இருக்கிறது? உன் கை நிஜமான கை நித்தி. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே நீ தொட்ட செடி துளிர்க்கும். அதனால்தான் அப்பாவும் விடமாட்டேன் என்கிறார்.

அம்மாவுக்கு முழங்காலுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

அக்கா,
லோகப்பிரியா


கல்லாங்காட்டுவலசு,
11.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன். "இது உனக்கு ஆரு சொன்னது?" என்று அம்மா கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கலந்த படிப்புதான் எனக்கு வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேற்கால தோட்டத்துப் பொங்கியண்ணன் ஐயாவுக்குத் தை மாதம் பாயிண்ட் பார்த்தோம். முந்நூறு தென்னை, பாதிக்கு மேல் மட்டை தொங்கிவிட்டது. நான் நின்ற இடத்தில் ஆயிரத்து நானூற்று இருபது அடி ஓட்டினார்கள். வெறும் புகைதான். சாம்பல் நிறத்தில் மாவு மாவாக வந்து எங்கள் தலையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. பொழுதோட, இருட்டுகிற நேரத்தில், வண்டிக்காரர் வந்து, "போதுமுங்க, இனி பாறைதானுங்க" என்று நிறுத்திவிட்டார். ஐயா ஒரு வார்த்தை அப்பாவைச் சொல்லவில்லை. "புள்ள கை என்ன பண்ணும், என்ற கெரகம்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் நம் வீட்டுக்கு ஒரு குலை இளநீர் கொடுத்து விட்டார். இப்போது லாரித் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றுகிறார்.

அக்கா, என் கையில் தேங்காய் தானாக நின்றதே இல்லை. ஒரு தடவைகூட. உள்ளங்கையைக் கொஞ்சம் குழித்து, கட்டை விரல் அடியை மேலே தூக்கினால் போதும், எழுந்து நின்றுகொள்ளும். அப்பா முதல் நாள் கையில் வைத்தபோது அது சும்மா கிடந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். நீ போனதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். தூக்கிவிட்டேன்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தவில்லை. எந்தத் தோட்டத்தில் எத்தனை அடியில் என்ன நிறத்தில் கல் வந்தது, தண்ணீர் வந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நாற்பத்தொரு போர் எழுதிவிட்டேன். நம் ஊருக்குக் குறுக்கே தெற்கு வடக்காகக் கருங்கல் வரி ஒன்று ஓடுகிறது. அதற்கு மேட்டுப் பக்கம் ஓட்டினவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தண்ணீர் இருக்கிறது, பள்ளத்துப் பக்கம் புகைதான். ஏன் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. அதைத்தான் படிக்க வேண்டும் என்கிறேன்.

பொங்கியண்ணன் ஐயாவின் தோட்டத்தில் மேட்டுப் பக்கம் போகலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஈசானி மூலையில் தண்ணீர் இருந்தால்தான் விருத்தி என்று ஐயா ஆசைப்பட்டார். அப்பாவும் நேராக என்னை அந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய், "நல்லா நிதானிச்சுப் பாரு அம்மணி" என்றார். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். அது பள்ளத்துப் பக்கம் என்று தெரிந்தும் நிறுத்தினேன்.

உன் கை நிஜக் கை. அந்தக் கைக்குப் பின்னால் வந்து நான் இப்படிச் செய்துவிட்டேன். திட்டு, ஆனால் பதில் போடாமல் இருந்துவிடாதே.

நித்யஸ்ரீ


கல்லாங்காட்டுவலசு,
10.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் தெரியவில்லை.

ஒரு மாதமாகிறது. நூலகத்துக்கு நான் போகும் வேகத்தைப் பார்த்துவிட்டுப் பொன்னாத்தாள் அக்கா தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிடுகிறார். தமிழ், ஆங்கிலம் முடிந்துவிட்டது. அடுத்தது வேதியியல். கோபமா? கோபம் என்றாவது ஒரு வரி எழுது.

நித்யஸ்ரீ


கோயமுத்தூர்,
24.3.2024

நித்திக்கு,

நலம். காய்ச்சலாகக் கிடந்தேன், அதனால்தான் எழுத முடியவில்லை. மாமாவும் ஊரில் இல்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை.

பரீட்சை முடிந்திருக்கும். நன்றாகத்தான் எழுதியிருப்பாய்.

நான் படுத்துக்கிடந்தபோது ஒன்று தோன்றியது. அப்பா போட்ட சட்டத்தை வைத்தே அப்பாவை மடக்கலாம். வெளித்தண்ணி குடித்தால் கை போய்விடும் என்பது அவர் வாயால் சொன்னது. குடித்துவிட்டேன் என்று சொல். அடுத்த தோட்டத்தில் தேங்காயைத் தூக்காதே, படுத்தே கிடக்கட்டும். அவர் சொன்னதை அவரே இல்லை என்று சொல்ல முடியாது. கை போய்விட்டால் உன்னை வீட்டில் வைத்து என்ன செய்யப் போகிறார்? நானும் இங்கே சிறுவாணித் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது, என் கையைப் பற்றி இப்போது யாராவது பேசுகிறார்களா?

வேறு எதையும் யாரிடமும் சொல்லாதே. பொங்கியண்ணன் ஐயாவிடம் போய் அழுதுகொண்டு நிற்காதே. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிடும். அந்தத் தேங்காயைப் பற்றி நாம் இனி எழுதிக்கொள்ளவும் வேண்டாம்.

மதிப்பெண் வந்ததும் பதிவெண்ணை அனுப்பு.

லோகப்பிரியா


கல்லாங்காட்டுவலசு,
9.4.2024

என் அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உனக்குக் காய்ச்சல் விட்டதா? வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நம் கிணறும் கால் பாகத்துக்கு வந்துவிட்டது.

நீ சொன்னதைச் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் ரோட்டில் ஒரு தோட்டம், நாலு ஏக்கர். நடந்தேன், நடந்தேன், தேங்காய் படுத்தே கிடந்தது. தோட்டத்துக்காரர், "ஏனுங்க, எங்க காட்டுல அறவே தண்ணி இல்லீங்களா?" என்று அழாத குறையாகக் கேட்டார். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கடைசிப் பரீட்சை அன்றைக்குத் தாகம் தாங்காமல் பள்ளிக்கூடக் குழாயில் குடித்துவிட்டேன் என்று சொன்னேன். பொய் சொல்கிறோமே என்று கால் நடுங்கியது. அதற்கு முன்னால் இரண்டு வருடம் சொன்ன பொய்க்குக் கால் நடுங்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும், "என்னமோ மண்ணு, கல்லுன்னு ஒரு படிப்பு சொன்னியே, அதையே போய்ப் படி. இனி உன்னை வெச்சு என்ன பண்றது" என்றார்.

அக்கா, நான் படிக்கப் போகிறேன்! அன்றைக்கு முழுக்கச் சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. கையை எடுத்துவிட்டால் அப்பாவுக்கு நான் ஒன்றுமே இல்லையா என்று அழுகை. இப்போது அதெல்லாம் இல்லை. நீ புத்திசாலி. விண்ணப்பம் போடு. பொன்னாத்தாள் அக்கா போட்டுக் கொடுத்ததாக வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

உன்,
நித்தி


கோயமுத்தூர்,
9.5.2024

எங்கள் விஞ்ஞானிக்கு,

நாங்கள் நலம், அதைவிட நலமாக உன் மதிப்பெண்! வேதியியலில் தொண்ணூற்றாறு! மாமா தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்துவிட்டார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "என்ற கொளுந்தியா பாறை உடைக்கப் போறா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. முதல் விருப்பம் அந்தக் கலந்த படிப்பு. போன வருடம் கடைசியாகச் சேர்ந்த பிள்ளையைவிட உனக்குப் பதினெட்டு மதிப்பெண் கூட. சீட் உறுதி என்றே வைத்துக்கொள். ஜூன் நடுவில் சேர்க்கை. விடுதிக்கு ஒரு வாளி, ஒரு பூட்டு, கட்டுச் செருப்பு ஒன்று வேண்டும். பாறையில் ஏறச் செருப்பு நல்லதாக இருக்கட்டும், நான் வாங்கி வைக்கிறேன்.

பீரோவிலிருந்து சான்றிதழை அப்பா கையாலேயே கேட்டு வாங்கிவிடு. சந்தோஷமாக இருக்கிறது நித்தி. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அக்கா


கல்லாங்காட்டுவலசு,
27.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுத வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

சித்தப்பா மகள் மேக்னா லீவுக்கு வந்திருக்கிறாள். ஒன்பது வயது, முன்பல் இரண்டும் இப்போதுதான் முளைத்து நிற்கிறது. வருடக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் ரத்தம் பார்த்து அட்டை கொடுத்திருக்கிறார்கள். ஓ பாசிட்டிவ். உனக்கும் எனக்கும் இருக்கிற அதே வகை. அந்த வகைக்குத்தான் தேங்காய் நிற்கும் என்று அப்பாவுக்கு நம்பிக்கை. அட்டையைப் பார்த்த சாயங்காலமே வாசலில் வைத்து அவள் கையில் தேங்காயை வைத்துவிட்டார்.

முதலில் படுத்துக் கிடந்தது. அவள் பெரியப்பா முகத்தைப் பார்த்தாள். அப்புறம் நம் அம்மாவைப் பார்த்தாள். நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை விரல் அடி மெதுவாக மேலே வந்தது. தேங்காய் நின்றது. அப்பா அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "சாமி, என்ற குலதெய்வம் கை விடலை!" என்று கத்தினார். இரண்டு வருடமாக அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மேக்னாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தவள் உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அப்பா ஒரு புதுப் பாட்டில் வாங்கி வந்து தண்ணீர் பிடித்து அவளிடம் கொடுத்தார். இனி அவள் இங்கேயே இருந்து படிக்கப் போகிறாளாம். சித்தப்பாவுக்கும் சம்மதம். காலாண்டு லீவுக்கு ஊருக்குப் போகலாமா என்று கேட்டாள். "அங்க போனாத் தண்ணி குடிப்பியே கண்ணு" என்றார்.

நான் வெளித்தண்ணி குடித்தேன் என்று சொன்ன பொய்தான் இதைச் செய்தது. கை என்று ஒன்று உண்டு, அது போகும், இன்னொருத்திக்கு வரும் என்று நானே சாட்சி சொன்னதுபோல ஆகிவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. பொங்கியண்ணன் ஐயா வந்திருந்தார். புதுக் கை என்று கேள்விப்பட்டு இன்னொரு போர் ஓட்டப் போகிறாராம். வருகிற ஒன்பதாம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் அப்பா பெயர் போகும், சான்றிதழ் பீரோவை விட்டு வராது. சொல்லாவிட்டால் எனக்கு சீட் இருக்கிறது. என்ன செய்யட்டும் அக்கா?

நித்யஸ்ரீ


கோயமுத்தூர்,
3.6.2024

நித்தி,

நாங்கள் நலம். நீ வந்து சேருகிற வரை எனக்கு நலம் என்பது பாதிதான்.

சீட் வந்துவிட்டது. பதினான்காம் தேதி காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழோடு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

உன் கடிதத்தை நாலு நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பிப்ரவரியில் நீ எழுதியதையும் அப்படித்தான் வைத்திருந்தேன். அப்போது எனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. மாமாவும் ஊரில்தான் இருந்தார்.

என் கையிலும் தேங்காய் தானாக நின்றதில்லை நித்தி. பத்து வயதில் அப்பா தோளில் ஏற ஆசைப்பட்டுத் தூக்கினேன். அப்புறம் இறங்க முடியவில்லை. உன்னைப்போல எனக்கு நோட்டுப் போடும் அறிவும் இல்லை, அப்பா எங்கே கொஞ்சம் நிற்கிறாரோ அங்கே நிறுத்துவேன். எத்தனை பேர் தோட்டத்தில் புகை வந்தது என்று நான் எண்ணவே இல்லை. நான் மாமாவை விரும்பித்தான் வந்தேன். ஆனால் அந்த அவசரம் மாமாவுக்காக மட்டுமில்லை. அந்தத் தேங்காயை இன்னொரு நாள் கையில் வைக்க என்னால் ஆகவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஓடி வந்துவிட்டேன்.

அது உன் கைக்கு வந்தது என்று கேள்விப்பட்டபோது, இவள் கை நிஜக் கையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் தூக்கம் வந்தது. உன்னை அங்கே விட்டுவிட்டு வந்தவள் நான்தான். அதை எழுத எனக்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் உனக்கு நியாயம் சொல்லத் தகுதியில்லை. இருந்தாலும் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டு வந்துவிடு. படித்து முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். எனக்கு நீதான் முக்கியம், மேக்னா இல்லை, பொங்கியண்ணன் ஐயாவும் இல்லை. கெட்டவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

உன் செருப்பு வாங்கிவிட்டேன். பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

லோகப்பிரியா


கல்லாங்காட்டுவலசு,
12.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் எட்டாம் தேதி கிடைத்தது. நூலகத்துப் படியிலேயே உட்கார்ந்து படித்தேன். உன்னைக் கெட்டவள் என்று நினைக்கவில்லை. பத்து வயதில் நீ தனியாக இருந்தாய், அதை நினைத்துத்தான் அழுதேன். ஆனால் நீ சொன்னபடி என்னால் செய்ய முடியவில்லை.

ஒன்பதாம் தேதி காலையில் பொங்கியண்ணன் ஐயாவின் தோட்டத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். மேக்னாவுக்குத் துணை என்று அப்பா விட்டுவிட்டார். அவள் கையில் தேங்காயோடு நடந்தாள். அப்பா பின்னால் சுண்ணாம்புச் சட்டியோடு நடந்தார். ஈசானி மூலைக்கு முப்பது அடி தள்ளி அவளுக்குக் கை வலித்துவிட்டது போல. தேங்காய் எழுந்து நின்றது. அப்பா வட்டம் போடக் குனிந்தார்.

நான் அவளிடமிருந்து அதை வாங்கிக்கொண்டேன். பயமாக இருந்தது. மஞ்சள் காயப்போடுகிற மொட்டைப் பாறை இருக்கிறதே, அதன்மேல் ஏறி நின்றேன். தேங்காய் நின்றது. அங்கிருந்து இறங்கித் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் மூடிமேல் நின்றேன். அங்கேயும் நின்றது. மோட்டார் ரூம் படியில் நின்றது. "கை திரும்பி வந்துருச்சா கண்ணு?" என்று அப்பா ஓடி வந்தார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் அக்கா, என் வாழ்க்கையிலேயே கஷ்டம்.

"வரலைங்கப்பா. எப்பவுமே இல்லீங்க. நானேதான் தூக்குனேன். அக்காவும் அப்படித்தானுங்க. புள்ளையும் இப்ப அதைத்தான் பண்ணுது."

அவர் நம்பவில்லை. அவர் உள்ளங்கையைப் பிடித்துத் தேங்காயைப் படுக்க வைத்தேன். அவர் ரத்தம் பி பாசிட்டிவ். முப்பது வருடமாக எத்தனையோ தடவை தனியாக முயன்று பார்த்திருக்கிறார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். கட்டை விரல் அடியைப் பிடித்து இப்படி என்று தூக்கிக் காட்டினேன். அப்பா கையில் தேங்காய் நின்றது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சாய்ந்து விழுகிற வரைக்கும் பார்த்தார். அப்புறம் ரொம்ப மெதுவாக, "தை மாசம் இந்தத் தோட்டத்துலயுமா கண்ணு?" என்று கேட்டார்.

"ஆமாங்கப்பா. இங்க வராதுன்னு தெரிஞ்சேதானுங்க நிறுத்துனேன்."

அப்பா அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். மேக்னா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொங்கியண்ணன் ஐயா துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார். கையை ஓங்குவார் என்று நினைத்தேன். "அப்ப தண்ணி எங்கதான் அம்மணி இருக்குது?" என்று கேட்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"எனக்குத் தெரியாதுங்கய்யா. மேட்டுப் பக்கம் இருக்கலாம்னு ஒரு யோசனை இருக்குதுங்க. அதை நம்பி நீங்க ஓட்டிப்போடாதீங்க. படிச்சுப்போட்டு வந்தாத்தான் சொல்ல முடியுமுங்க."

தெரியாது என்ற வார்த்தையை ஒரு தோட்டத்தில் நின்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்று நாளாக அப்பா எந்தத் தோட்டத்துக்கும் போகவில்லை. போனை அணைத்து வைத்துவிட்டார். நேற்றுச் சித்தப்பா வந்து மேக்னாவைக் கூட்டிக்கொண்டு போனார். பஸ் ஏறுவதற்கு முன்னால் அவள் கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் தண்ணீரை வாங்கிக் கடித்துக் குடித்தாள். சான்றிதழை நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எல்லாம் பாறைமேலேயே தீர்ந்துவிட்டது. சீட் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

இன்று காலை எழுந்து பார்த்தால் என் கட்டிலில் மஞ்சள் பை ஒன்று இருந்தது. உள்ளே மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், எல்லாம் அசல். பக்கத்தில் என் தண்ணீர்ப் பாட்டில். பள்ளிக்கூடம் போன கடைசி இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறாமல் அப்பா பிடித்துக் கொடுத்த பாட்டில், இன்றைக்குக் காலியாக இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அப்பா வீட்டில் இல்லை.

போய்ப் படி என்கிறாரா, இனி இந்த வீட்டுத் தண்ணீர் உனக்கு இல்லை என்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. "ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போ சாமி" என்று மட்டும் சொன்னார். உனக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கட்டியிருக்கிறார், இந்தத் தடவை உன் பெயரைச் சொல்லியே கொடுத்தார்.

நாளை மதியம் காங்கேயத்தில் பஸ் ஏறுகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும் என்று பொன்னாத்தாள் அக்கா சிரிக்கிறார். பரவாயில்லை. நேரில் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது, நீயே படித்துக்கொள். பாட்டிலை அப்படியே காலியாகக் கொண்டு வருகிறேன்.

உன் தங்கை,
நித்யஸ்ரீ